சட்டம் என்னும் வாசகன்

ஒரு பின்னூட்டத்துக்கு ஒரு லட்சம் வெள்ளி. கூட்டரசு நீதிமன்றம் 2021 பிப்ரவரி 19ஆம் தேதி மலேசியாகினிக்கு விதித்த அபராதத்தை வகுத்துப் பார்த்தால் இந்தக் கணக்குதான் வருகிறது. ஐந்து பின்னூட்டங்கள், ஐந்து லட்சம் ரிங்கிட். அரசுத் தரப்பு கேட்டதே இரண்டு லட்சம்தான். மீதியை நீதிமன்றம் தானாகக் கூட்டிக்கொண்டது. ஐந்து மணி நேரத்துக்குள் வாசகர்கள் அந்தப் பணத்தைத் திரட்டிக் கொடுத்துவிட்டார்கள் என்பது அன்றைக்குப் பெரிய செய்தி. நம் ஆட்களும் முகநூலில் இதயக்குறி போட்டார்கள். மறுநாள் வேறு பிரச்சினைக்குப் போய்விட்டார்கள். தீர்ப்பை உட்கார்ந்து வாசித்தவர்கள் சொற்பம்.

இலக்கியம் வாசிக்கிறவர்கள் அதை வாசித்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. காரணம் எளிமையானது. தீர்ப்பு என்பதும் ஒரு வாசிப்புதான். யாரோ எழுதிய சில வரிகளை எடுத்து வைத்துக்கொண்டு, இதைச் சொன்னது யார், என்ன நினைத்துச் சொன்னார், இது வாசிப்பவரை என்ன செய்யும் என்று ஒருவர் கேட்கிறார். விமர்சகன் செய்வதும் இதே வேலைதானே? விமர்சகன் தப்பாக வாசித்தால் எழுத்தாளன் இரண்டு நாள் கோபமாகத் திரிவான். நீதிபதி தப்பாக வாசித்தால் சிறைக்குப் போவான், அல்லது பத்திரிகையை இழுத்து மூடுவான்.

நாமோ கருத்துச் சுதந்திரம் என்றதும் எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்ற பட்டியலைத்தான் கையில் எடுக்கிறோம். மதம், இனம், அரசர், நீதிமன்றம். பட்டியல் எல்லோருக்கும் மனப்பாடம். சட்டம் ஒரு பிரதியை எந்த முறையில் வாசிக்கிறது என்ற கேள்வி மட்டும் எழுவதே இல்லை. உண்மையான சிக்கல் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

மலேசியாகினி வழக்கின் சங்கதி இது. நீதிமன்றங்கள் அனைத்தும் ஜூலை 1 முதல் முழுமையாக இயங்க வேண்டும் என்று தலைமை நீதிபதி உத்தரவிட்டார். 2020 ஜூன் 9ஆம் தேதி அதைப் பற்றி ஒரு செய்தி வந்தது. சாதாரணச் செய்தி. அதன் கீழே ஐந்து வாசகர்கள் நீதித்துறையைத் தாறுமாறாகத் திட்டி எழுதினார்கள். போலீஸ் தொடர்புகொண்ட 12 நிமிடங்களில் மலேசியாகினி அவற்றை நீக்கிவிட்டது. எழுதியவர்கள் வேறு, செய்திக்கும் திட்டுக்கும் சம்பந்தமில்லை, தெரிந்தவுடன் நீக்கியாயிற்று. இருந்தும் நீதிமன்ற அவமதிப்புக் குற்றவாளி மலேசியாகினிதான் என்று ஏழு நீதிபதிகளில் ஆறு பேர் சொன்னார்கள்.

எப்படிச் சொல்ல முடிந்தது? சாட்சியச் சட்டத்தின் 114ஏ பிரிவு உதவியது. 2012இல் நுழைக்கப்பட்ட இந்தப் பிரிவு ஒரு விநோதமான வாசிப்பு விதி. ஒரு வெளியீட்டில் உங்கள் பெயரோ படமோ புனைபெயரோ உரிமையாளர், நிர்வாகி, ஆசிரியர், துணையாசிரியர் என்ற வகையில் இருந்தால் அதை வெளியிட்டவர் நீங்கள்தான் என்று அனுமானிக்கப்படும். இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பாடு. வெளியிட எந்த வகையிலாவது வசதி செய்து கொடுத்தவருக்கும் இது பொருந்தும். எழுதியவன் யார் என்று தேடும் சிரமத்தைச் சட்டம் எடுத்துக்கொள்ளாது. கண்ணில் முதலில் படும் பெயரைப் பிடித்துக்கொள்ளும். அந்த வருடம் ஆகஸ்ட் 14ஆம் தேதி பல மலேசியத் தளங்கள் ஒருநாள் இருட்டடிப்புச் செய்து எதிர்ப்புத் தெரிவித்தன. பிரிவு அப்படியேதான் இருந்தது. ஒன்பது வருடம் கழித்து அதன் பல் தெரிந்தது.

பெரும்பான்மைத் தீர்ப்பின் தர்க்கத்தைச் சுருக்கினால் இவ்வளவுதான்: இப்படிப்பட்ட பின்னூட்டங்கள் வரும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஆகவே தெரிந்திருந்தது. மலேசியாகினியிடம் ஒரு வடிகட்டி இருந்தது. கெட்ட வார்த்தைகளை அது தடுக்கும். வாசகர்கள் புகார் செய்தால் ஆசிரியர் குழு பார்த்து நீக்கும். இது போதாது என்றது நீதிமன்றம். அந்த ஐந்து பின்னூட்டங்களும் வடிகட்டியில் மாட்டவில்லை. நாகரிகமான சொற்களிலும் ஒரு மனிதரை அவமதிக்க முடியும் என்பது தமிழ் இலக்கியச் சண்டைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியாததா?

ஏழாவது நீதிபதி நளினி பத்மநாதன். அவருடைய மாற்றுத் தீர்ப்புதான் எனக்கு இந்த வழக்கில் முக்கியமான பிரதி. அவர் கேட்டது ஒரு நல்ல வாசகர் கேட்கும் கேள்வி: இந்தச் சொற்கள் அங்கே இருப்பது இவர்களுக்கு உண்மையிலேயே தெரியுமா? தெரிந்தும் விட்டுவைத்தார்களா? தெரியாது என்பதற்கும், தெரிந்தவுடன் நீக்கினார்கள் என்பதற்கும் சான்று இருக்கும்போது அனுமானம் உடைந்துவிடுகிறது என்பது அவர் முடிவு. சொல்லுக்கும் அதைச் சுமந்து வருபவருக்கும் நடுவே ஒரு மனம் இருக்கிறது, அதை விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பதுதான் இதன் சாரம். ஆறு பேருக்கு எதிராக ஒருவர். சட்டப்படி அந்த வாதத்துக்கு மதிப்பில்லை. பிற்காலத்தில் யாராவது எடுத்து வாசிக்க அது புத்தகத்தில் கிடக்கிறது.

பெரும்பான்மை நீதிபதிகள் துணைக்கு அழைத்துக்கொண்ட வழக்குகளில் ஒன்று எஸ்தோனியாவின் டெல்ஃபி. அதுவும் வாசகர் பின்னூட்டம் பற்றியது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2015இல் செய்தித்தளத்துக்கு எதிராகவே தீர்ப்புச் சொன்னது. ஆனால் அங்கே வெறுப்பும் மிரட்டலும் நிறைந்த பின்னூட்டங்கள் ஆறு வாரம் தளத்தில் கிடந்தன. இங்கே போலீஸ் சொன்ன பிறகு 12 நிமிடம். அங்கே தளம் கட்டவேண்டி வந்த தொகை ஏறத்தாழ 320 யூரோ. இங்கே ஐந்து லட்சம் ரிங்கிட். மேற்கோளை எடுத்துக்கொண்டு சூழலை விட்டுவிடும் பழக்கம் முனைவர் பட்ட ஆய்வேடுகளில் மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

தலைமையாசிரியர் ஸ்டீவன் கான் தனிப்பட்ட முறையில் குற்றவாளி இல்லை என்று விடுவிக்கப்பட்டார். அவர் பெயரை இங்கே கொஞ்சம் நிறுத்திவைக்க விரும்புகிறேன். ஏனென்றால் இது அவர் சம்பந்தப்பட்ட முதல் பிரதி அல்ல. இதற்கு முன்னால் ஒன்று உண்டு. அது அவர் பெயரில் வரவே இல்லை.

1995. ஸ்டீவன் கான் அப்போது தி சன் நாளிதழில் செய்தியாளர். செமினி குடிநுழைவுத் தடுப்பு முகாமில் 59 பேர் இறந்துபோயிருக்கிறார்கள் என்பதை அவரும் சக செய்தியாளர்களும் கண்டுபிடிக்கிறார்கள். பெரும்பாலும் வங்காளதேசத் தொழிலாளர்கள். டைஃபாய்டு, பெரிபெரி. பெரிபெரி என்பது சத்துக்குறைவால் வருவது. சரியான சோறு போட்டிருந்தால் செத்திருக்க மாட்டார்கள். நாளிதழ் அந்தச் செய்தியை வெளியிடவில்லை. தகவல்கள் தெனாகானித்தா அமைப்பின் ஐரின் பெர்னாண்டஸ் கைக்குப் போகின்றன. ஐரின் ரப்பர் தோட்டத்துச் சூழலில் வளர்ந்தவர். அவருடைய அமைப்பு முன்னூறுக்கும் மேற்பட்ட வெளிநாட்டுத் தொழிலாளர்களைச் சந்தித்து, முகாம்களில் நடக்கும் அடி, பட்டினி, பாலியல் கொடுமை எல்லாவற்றையும் தொகுத்து ஒரு மகஜர் வெளியிட்டது.

1996இல் கைது. அச்சகங்கள் மற்றும் வெளியீடுகள் சட்டம், பிரிவு 8ஏ: தீய நோக்கத்தோடு பொய்ச் செய்தி வெளியிட்டார். இந்தப் பிரிவின் வாசிப்பு விதியையும் கவனியுங்கள். வெளியிடுவதற்கு முன் உண்மையைச் சரிபார்க்க நியாயமான முயற்சி எடுத்தேன் என்று குற்றம்சாட்டப்பட்டவர் சான்று காட்டாவிட்டால், தீய நோக்கம் இருந்ததாகவே அனுமானிக்கப்படும். மறுபடியும் அனுமானம். அரசு எதையும் மனசுக்குள் போய்த் தேடவேண்டியதில்லை. ஐரின்தான் தன் மனசை வெளியே எடுத்துக் காட்டவேண்டும். வழக்கு வருடக்கணக்காக இழுத்தது. இந்த நாட்டில் மிக நீளமாக நடந்த விசாரணைகளில் ஒன்று என்று பெயரெடுத்தது. 2003இல் குற்றவாளி என்று தீர்ப்பு, 12 மாதச் சிறை. மேல்முறையீடு நிலுவையில் இருந்ததால் அவர் உள்ளே போகவில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பின் காரணமாக 2004 தேர்தலில் அவரால் நிற்க முடியவில்லை. 2008 நவம்பரில் உயர்நீதிமன்றம் விடுவித்தது. 2014இல் இறந்துபோனார்.

ஒரு மகஜருக்குப் பன்னிரண்டு வருடத்துக்கு மேல். கடைசியில் ஐரின் ஜெயித்தார் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்தச் சொல் பொருந்தவில்லை. சட்டம் தண்டிப்பதற்குத் தண்டனை தேவையில்லை, வழக்கே போதும். இன்னொன்றும் இருக்கிறது. முகாமில் இறந்தவர்கள் எப்படி இறந்தார்கள் என்பது பேசப்பட்டிருக்க வேண்டிய வருடங்களில், அதை எழுதியவர் எந்த நோக்கத்தில் எழுதினார் என்றுதான் நீதிமன்றம் பேசிக்கொண்டிருந்தது. பிரதியிலிருந்து கண்ணை எடுத்து எழுதியவரைப் பிடித்துக்கொள்வது மோசமான விமர்சகர்களின் வழி. நமக்கும் பழக்கமானதுதான்.

தி சன் ஏன் அந்தச் செய்தியைப் போடவில்லை என்பதற்குள் நான் போகவில்லை. ஆனால் அன்றைய சூழலைச் சொல்லலாம். 1984ஆம் ஆண்டின் சட்டப்படி நாளிதழ் நடத்த உள்துறை அமைச்சின் அனுமதி வேண்டும். அதை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். 1987 ஒப்பராசி லாலாங்கின்போது தி ஸ்டார், சின் சியூ, வத்தான் மூன்றின் அனுமதியும் ஒரே நேரத்தில் பறிக்கப்பட்டது. அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆசிரியரும் பக்கத்தை அச்சுக்கு அனுப்புமுன் இரண்டு தடவை வாசிக்கப் பழகினார். ஒருமுறை வாசகனாக, ஒருமுறை அமைச்சராக. 2012இல் வருடாந்திரப் புதுப்பிப்பு நீக்கப்பட்டது. அமைச்சராக வாசிக்கும் பழக்கம் அவ்வளவு லேசில் போகுமா? ஸ்டீவன் கான் 1999இல் பிரமேஷ் சந்திரனோடு சேர்ந்து இணையத்துக்குப் போனதன் பின்னணி இது. இணையத்துக்கு அச்சு அனுமதி வேண்டாம். தொடர்பு மற்றும் பல்லூடகச் சட்டம் 1998 இணையத் தணிக்கைக்கு இச்சட்டத்தில் இடமில்லை என்று தன் வாயாலேயே சொல்லியிருக்கிறது. வாசலில் தணிக்கை இல்லை, சரி. உள்ளே போனபிறகுதான் 114ஏ உட்கார்ந்திருக்கிறது.

மூன்றாவது வாசிப்பு விதி எல்லாவற்றையும் விடப் பழையது. தேசநிந்தனைச் சட்டம், 1948. ஆங்கிலேயன் போட்டது. அதன் 3ஆம் பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? ஒரு சொல்லுக்கோ எழுத்துக்கோ நிந்தனைத் 'தன்மை' இருந்தால் போதும், சொன்னவரின் நோக்கம் என்ன என்பது பொருட்டே இல்லை. ரோலான் பார்த் ஆசிரியன் இறந்துவிட்டான் என்று எழுதியது 1967இல். மலாயாவின் காலனிய அரசு பத்தொன்பது வருடம் முன்பே அந்த முடிவுக்கு வந்துவிட்டது! பார்த் ஆசிரியனைக் கொன்றது வாசகனை விடுவிக்க. இங்கே ஆசிரியனின் நோக்கத்தை மட்டும் கொன்றுவிட்டு, ஆளை உயிரோடு பிடித்துக் கூண்டில் ஏற்றுகிறார்கள்.

இண்ட்ராஃப் தலைவர் பி. உதயகுமாரின் வழக்கை இதோடு சேர்த்து வாசிக்க வேண்டும். 2007இல் அவர் பிரிட்டன் பிரதமருக்கு எழுதிய கடிதம் ஓர் இணையத்தளத்தில் வெளியானது. மலேசிய இந்தியர்களின் நிலையைச் சொல்லி முறையிடும் கடிதம். அதிலிருந்த சில சொற்கள் நிலைமைக்கு மிஞ்சியவை என்பது என் கருத்து. இன அழிப்பு பற்றிய சொற்களை அவ்வளவு லேசாகக் கையாளக்கூடாது. ஆனால் முறையீட்டு மொழி எப்போதும் மிகைதான். கோயில் இடிபட்டவன் நிதானமான உரைநடையில் எழுதமாட்டான். அந்த மிகையை மிகையாக வாசிக்க ஒரு வாசகன் வேண்டும். 2013 ஜூனில் நீதிமன்றம் 30 மாதச் சிறை விதித்தது. மேல்முறையீட்டில் தண்டனை குறைக்கப்பட்டாலும் சிறைவாசத்தை அவர் அனுபவித்தார். நோக்கம் பொருட்டில்லை என்ற அந்தப் பிரிவு செல்லாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016இல் வேறொரு வழக்கில் சொன்னது. 2018இல் கூட்டரசு நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது.

அரசியலமைப்புச் சட்டம் எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். பத்தாவது பிரிவு இருக்கிறதே? இருக்கிறது. ஒவ்வொரு குடிமகனுக்கும் பேச்சுரிமை உண்டு என்கிறது. அடுத்த வரியிலேயே, நாடாளுமன்றம் 'அவசியம் அல்லது உசிதம்' என்று கருதும் கட்டுப்பாடுகளை விதிக்கலாம் என்கிறது. இதில் ஒரு சொல் காணாமல் போனது. 1957இல் ரீட் ஆணையம் தயாரித்த வரைவில் கட்டுப்பாடுகள் 'நியாயமானவையாக' இருக்க வேண்டும் என்று இருந்தது. இந்திய அரசியலமைப்பின் 19ஆவது பிரிவில் இன்றும் அந்தச் சொல் உண்டு. ஆணையத்தின் உறுப்பினர்களில் ஒருவரான பாகிஸ்தான் நீதிபதி அப்துல் ஹமீத் அதற்கு மறுப்புக் குறிப்பு எழுதினார். எது நியாயம் என்று நீதிபதிகள் தீர்மானிக்க ஆரம்பித்துவிடுவார்கள் என்பது அவர் கவலை. சொல் எடுக்கப்பட்டது. நம் சட்டத்தைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்ட சிங்கப்பூரின் 14ஆவது பிரிவிலும் அது இல்லை. ஐம்பது வருடம் கழித்து சிவராசா ராசையா வழக்கில்தான் கூட்டரசு நீதிமன்றம் அந்தச் சொல் எழுதப்படாவிட்டாலும் இருப்பதாகவே வாசிக்க வேண்டும் என்றது. எழுதாத சொல்லை வாசிப்பது! நம் நீதிமன்றங்களின் இலக்கியத்தரமான தருணங்களில் அதையும் சேர்க்கலாம்.

இப்படி நன்றாக வாசித்த இடங்களும் உண்டு என்பதைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. சிஸ்டர்ஸ் இன் இஸ்லாம் 2005இல் வெளியிட்ட ஒரு கட்டுரைத் தொகுப்பை உள்துறை அமைச்சு 2008இல் தடை செய்தது. பொது ஒழுங்குக்குப் பாதகமாம். 2010இல் உயர்நீதிமன்றம் தடையை நீக்கியது. நூல் 215 பக்கம். ஆட்சேபம் ஏழு பக்கத்துக்கு. அதுவும் இரண்டு வருடத்துக்கு மேல் கடையில் விற்றபோது எந்த ஒழுங்கும் கெடவில்லை. மேல்முறையீட்டு நீதிமன்றமும் இதை ஏற்றுக்கொண்டது. முழு நூலையும் பார், வாசித்தவர்களுக்கு உண்மையில் என்ன ஆயிற்று என்று பார். இதைவிடச் சாதாரணமான அளவுகோல் கிடையாது. ஆனாலும் எப்போதும் இது செல்லுபடியாவதில்லை. 2013இல் வெளிவந்து ஏழு வருடம் சும்மா இருந்து 2020இல் தடை செய்யப்பட்ட 'கே இஸ் ஓகே' நூலை 2022இல் உயர்நீதிமன்றம் இதே வழியில் விடுவித்தது. அடுத்த வருடம் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடையை மீட்டுவிட்டது.

தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமான உதாரணம் மாதொருபாகன். 2015 ஜனவரியில் நாமக்கல்லில் பேச்சுவார்த்தை என்ற பெயரில் உட்காரவைத்து பெருமாள்முருகனிடம் எழுதி வாங்கினார்கள். அவர் தன்னுள் இருந்த எழுத்தாளன் செத்துவிட்டதாக அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம், அந்தச் சமரசம் அவரைக் கட்டுப்படுத்தாது, நாவல் நாவலாக இருக்கட்டும், பிடிக்காதவர் புத்தகத்தை மூடிவைக்கலாம் என்ற பொருளில் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின் பலம் அது நாவலைப் பற்றிப் பேசியதுதான். குழந்தையில்லாத ஒரு தம்பதியின் துயரம் பற்றிப் பேசியது. ஆட்சேபித்தவர்கள் பேசியதோ சில பக்கங்களைப் பற்றி மட்டும். நகலெடுத்து ஊருக்குள் சுற்றவிடப்பட்ட பக்கங்கள்.

இந்த இடத்தில் நம் வீட்டுக் கதையைத் தொடாமல் போனால் இவ்வளவு எழுதியது வீண். இண்டர்லோக்.

அப்துல்லா ஹுசேன் எழுதிய நாவல். 1971இல் நூலாக வந்தது. செமான், சின் ஹுவாட், மணியம் என்று மூன்று பகுதிகள். நான்காவதில் மூன்று குடும்பங்களும் ஒரு தேசத்துக்குள் பின்னிக்கொள்கின்றன. 2011இல் சில மாநிலங்களில் ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு மலாய் இலக்கியப் பாடநூலாக வைத்தார்கள். மணியத்தின் பகுதியில் வரும் ஒரு சாதிச் சொல் வெடித்தது. 'பறையா'.

பாடநூலாக இருப்பதை எதிர்த்ததில் எனக்கு ஒப்புதல்தான். பதினேழு வயதுப் பையன் வகுப்பில் உட்கார்ந்து, தன்னைக் குத்தும் ஒரு சொல்லை மதிப்பெண்ணுக்காக விளக்கி எழுத வேண்டும் என்பது கொடுமை. பாடநூல் அரசின் தேர்வு. வாசகனின் தேர்வு அல்ல. அதை எதிர்ப்பது கருத்துச் சுதந்திரத்துக்கு விரோதம் என்று யாராவது சொன்னால் அது சும்மா பேச்சு. அந்த எதிர்ப்பைச் சொல்ல 2011 பிப்ரவரியில் தெருவுக்கு வந்தவர்களையே போலீஸ் அள்ளிக்கொண்டு போனது என்பதையும் மறக்கக்கூடாது. மறுப்பைச் சொல்லவும் இந்த நாட்டில் அனுமதி வேண்டியிருக்கிறது.

ஆனால் அந்த நாவலை நாம் வாசித்த முறை? ஒரு சொல். ஒரு பக்கம். போலீஸ் புகார். மலேசியாவில் ஒரு நூலுக்குக் கிடைக்கும் மதிப்புரைகளிலேயே அதிகம் எழுதப்படும் வகைமை போலீஸ் புகார்தான் என்று சில சமயம் தோன்றுகிறது. அரசும் அதற்கு ஏற்றாற்போலவே பதில் சொன்னது: சில சொற்களையும் பகுதிகளையும் திருத்திவிட்டு நூலை வைத்துக்கொள்வோம். அதாவது மலேசியாகினியின் வடிகட்டி. சொல்லைப் பிடுங்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. நாவலின் கோளாறு அந்தச் சொல்லில் இருந்ததா? சாதி எப்படி இயங்குகிறது என்று தெரியாத ஒருவர் வெளியே நின்று அதை விவரித்ததில் இருந்தது. கப்பல் ஏறி வந்தவர்களை ஒரே சாதிக் கூட்டமாகப் பார்க்கும் அந்தப் பார்வையில் இருந்தது. சீனர்களுக்கும் தங்கள் பகுதியைப் பற்றி இதேபோன்ற மனக்குறை இருந்தது; அபினும் பேராசையுமாக எங்களை வரைந்திருக்கிறார் என்று அவர்களுடைய சங்கங்கள் சொன்னன. ஓர் இனம் இன்னோர் இனத்தை எழுதும்போது எங்கே தடுமாறுகிறது என்று பேசக் கிடைத்த அருமையான வாய்ப்பு. சொல்லை மட்டும் பேசி அதைத் தொலைத்தோம்.

நம் கோபத்துக்குள் இன்னொன்றும் மறைந்திருந்தது. அந்தச் சொல் மனிதரை இழிவுபடுத்துகிறது என்பதற்காகக் கோபப்பட்டவர்கள் ஒருபக்கம். 'நம் எல்லாரையும் போய் அப்படிச் சொல்லிட்டானே' என்று கோபப்பட்டவர்கள் இன்னொரு பக்கம். இரண்டாவது கோபம் சாதிக்கு எதிரானதா, சாதியின் குரலா? எங்களை அவர்களோடு சேர்க்காதே என்ற முனகல் அதில் கேட்டது. கல்யாணப் பேச்சு வரும்போது மட்டும் தாழ்ந்த குரலில் சாதி கேட்கும் நம் வீடுகளில் இதைப் பேசியிருக்க வேண்டும். போலீஸ் நிலையத்தில் பேச முடியாது.

அந்த வடிகட்டியைத் தமிழுக்குத் திருப்பிப் பாருங்கள். கே. டானியலின் பஞ்சமர், பாமாவின் கருக்கு, இமையத்தின் கோவேறு கழுதைகள். முதலில் விழப்போவது இவைதான். இவற்றில் அந்தச் சொற்கள் பக்கத்துக்குப் பக்கம் இருக்கின்றன. நோக்கம் பொருட்டில்லை, தன்மை போதும் என்று 1948ஆம் ஆண்டின் ஆங்கிலேயனைப் போல வாசித்தால், வலியைச் சொல்லும் சொல்லுக்கும் வலி கொடுக்கும் சொல்லுக்கும் வித்தியாசம் கிடையாது. தேசநிந்தனைச் சட்டத்தால் உதயகுமார் சிறைக்குப் போனபோது கோபப்பட்ட நம்மில் பலர், இண்டர்லோக் விஷயத்தில் அந்தச் சட்டத்தின் கண்ணாடியையே வாங்கி மாட்டிக்கொண்டார்கள்.

இது பழைய கதை என்று இளையவர்கள் நினைக்கக்கூடும். நான்கு பேர் சேர்ந்து ஓர் இணைய இதழ் ஆரம்பிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் குழுவில் உங்கள் பெயர் இருக்கும். 114ஏ பிரிவுக்கு அவ்வளவு போதும். நள்ளிரவில் யாரோ ஒருவர் போலிப் பெயரில் உங்கள் இதழில் எழுதிவிட்டுப் போகும் இரண்டு வரிக்கு நீங்கள்தான் வெளியீட்டாளர். மலேசியாகினிக்கு ஐந்து மணி நேரத்தில் ஐந்து லட்சம் சேர்ந்தது. நமக்கு யார் கொடுப்பார்கள்? ஆகவே பின்னூட்டப் பெட்டியை மூடிவிடுவோம். பிறகு கட்டுரைகளில் 'இந்த வரி எதுக்குங்க, எடுத்துடலாமே' என்போம். பிறகு எழுதுகிறவரே அந்த வரியை எழுதாமல் அனுப்புவார். யாரும் தடை செய்யாமலே ஒரு வரி இல்லாமல் போகும். அப்படி இல்லாமல்போன வரிகளுக்கு வழக்கும் கிடையாது, மாற்றுத் தீர்ப்பும் கிடையாது.

2011 டிசம்பரில் இண்டர்லோக் பாடத்திட்டத்திலிருந்து விலக்கப்பட்டது. வெற்றி என்று சொன்னார்கள். அதற்குப் பதிலாக வைக்கப்பட்ட நாவலின் பெயர் கான்செர்தோ தெராகிர். எழுதியவர் அதே அப்துல்லா ஹுசேன். அதைப் பற்றியும் சரி, இண்டர்லோக்கின் நான்கு பகுதிகளைப் பற்றியும் சரி, முழுதாக வாசித்து எழுதிய ஒரு தமிழ் விமர்சனம் இன்றுவரை என் கண்ணில் படவில்லை.